தான் நொறுங்கி எம்மைக் காத்த கார்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவரிடம் சாவைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் அவர்கள் நினைவுக்கு வருவன செல்லடியும் குண்டுவீச்சும் கடற்பயணமுமேயாகும். அவற்றையெல்லாம் கடந்து வந்துவிட்டோம் என்ற நினைப்பினாலோ என்னவோ, இங்கே நாள்தோறும் நாம் ஏறி இறங்கும் நெடுஞ்சாலையை ஓர் ஆபத்தாகவே நாம் கருதுவதில்லை. விமானத்தின் இரைச்சல் கேட்குமுன்பே பதுங்குகுழிக்குள் இறங்கத் தெரிந்திருந்த நாம், காரில் ஏறியதும் ஒரு பட்டியை இழுத்துக் கொளுவுவதற்குப் பஞ்சிப்படுகின்றோம்.

2013ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் செல்லும் வழியில், 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் எமது கார் விபத்துக்குள்ளானது. காரில் இருந்த நால்வரும் உயிர் தப்பினோம். ஒன்பது ஆண்டுகளாகப் பிள்ளையைப் போல் நாம் பராமரித்து வந்த கார் தப்பவில்லை.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர் இதனை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அண்மையில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் நடந்த விருந்தில், “பழைய கார்தான் மாஸ்ரர் இரும்பு. இப்ப வாறதெல்லாம் வெறும் பிளாஸ்ரிக். இடிச்சால் சுக்குநூறு” என்று ஒருவர் சொல்ல, இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினர். ஒருகாலத்தில் நாமும் அவ்வாறு தலையாட்டியவர்களே. அந்த நம்பிக்கையிலிருந்து எம்மை விடுவித்தது ஒரு பனிக்காலக் காலைப்பொழுது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது எமது கடமை என எண்ணுகின்றோம்.

மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ்

பழைய கார் மீது எம்மவருக்குள்ள பாசம் காரணமின்றி வந்ததன்று. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் குடும்ப உறுப்பினர்களைப் போன்றவை. எமது தந்தையாரிடமும் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. வாடகைக்கு ஓடி எம்மைப் படிப்பித்து, பட்டதாரியாக்கிய கார் அது. 1990இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாகியபோது, அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடப் பழகிக்கொண்டது. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வருபவர் கண்ணை மறைக்குமளவுக்குப் புகை கக்கும். ஆனாலும் அது ஓடியது. பிரசவத்துக்கும் ஓடியது, பிரேதத்துக்கும் ஓடியது.

அந்த மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். 1906இல் சிமிர்னா என்ற துறைமுக நகரில் கிரேக்கக் குடும்பம் ஒன்றிற் பிறந்த இவர், 1922இல் அங்கு போர் நெருங்கியபோது பெற்றோருடன் பிரித்தானியக் கப்பலில் மோல்ற்ராவுக்கு வெளியேற்றப்பட்டார். அங்கேயே தந்தையார் இறந்துபோக, தாயாரும் மகனுமாக இங்கிலாந்து வந்து சேர்ந்தனர். பின்னர் புகழ்பெற்ற ‘மினி’ காரை வடிவமைத்தவரும் இவரே. 1948 முதல் 1971 வரை உற்பத்தியான மொறிஸ் மைனர், ஓர் அகதியின் கைவண்ணம் என்பதை எம்மவரிற் பலர் அறியமாட்டார்கள்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த இரவில், தந்தையாரின் கார் ஏழு பேரையும் இரண்டு மூட்டைகளையும் சுமந்துகொண்டு, மனித வெள்ளத்தினிடையே அடிமேல் அடிவைத்து நகர்ந்தது. சாவகச்சேரியில் மண்ணெண்ணெயும் தீர்ந்தது. ஒரு வளவுக்குள் மாமரத்தின் கீழ் அதனை விட்டுவிட்டு நாம் மேலே சென்றோம். திரும்பி வந்தபோது மாமரம் நின்றது, கார் இல்லை. தந்தையார் அதன் சாவியைத் தாம் கண்மூடும்வரை பத்திரமாக வைத்திருந்தார். கார் என்றால் எம்மைக் கைவிடாத ஒன்று, நாமே அதனைக் கைவிட்டோம் என்ற எண்ணம் எமது நெஞ்சில் அன்றே பதிந்துவிட்டது.

கனடாவிற் பிறந்த கார்

2000ஆம் ஆண்டு நாம் கனடா வந்து சேர்ந்தோம். ஊரில் வரலாறு படிப்பித்த கை இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியது. நான்கு ஆண்டுகள் பேருந்தில் அலைந்தபின், 2004இல், உடன் வேலை செய்த போர்த்துக்கேய முதியவர் ஒருவரிடமிருந்து 1998ஆம் ஆண்டு ரொயோற்ரா கொறோலா ஒன்றை 5500 டொலருக்கு வாங்கினோம். இந்த மண்ணில் எமது பெயரில் பதிவான முதற் சொத்து அதுவே. அதன் வாகன அடையாள இலக்கம் 2 என்ற எண்ணில் தொடங்கியது. அவ்வாறு தொடங்கினால் அது கனடாவில் தயாரானது என்று பொருள். ஒன்ராறியோவின் கேம்பிறிட்ஜ் நகரில் 1988 முதல் கொறோலா செய்யப்பட்டு வந்தது. “கார் பிறப்பாற் கனேடியன், நாங்கள்தான் வந்தேறிகள்” என்று எமது துணைவியார் சொல்லிச் சிரிப்பார்.

மகளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தது போன்ற பெருமை அந்தக் காருக்கு இல்லை. அவள் அதற்கு முன்னரே பிறந்துவிட்டாள். ஆனால் அவளது முதல் நாட் பாடசாலைக்கும், எமது குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கும், 2009 மே மாதத்தில் பலரும் தெருவில் இறங்கி நின்ற நாட்களில் இரவிரவாக ஒட்டாவாவுக்கும் அதுவே எம்மை ஏற்றிச் சென்றது. 2013இல் அதன் ஓட்டமானி மூன்று இலட்சத்துப் பன்னீராயிரம் கிலோமீற்றரைக் காட்டியது. கதவுகளின் கீழ் உப்புத் துருப்பிடித்து, தகரம் உரிந்திருந்தது. ‘இன்னும் இரண்டு வருடம் ஓடும்’ என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டோம்.

பாலத்தின் மேல்

2012 ஆகஸ்ட் மாதத்தில் எமது அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எம்மிடம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 74. அவரது ஒரே தங்கை, எமது சின்னம்மா, 1996இல் நாட்டைவிட்டு வெளியேறி மொன்றியலில் மகனுடன் வாழ்ந்து வந்தார். முழங்கால் நோயினால் அவரால் நெடும்பயணம் செய்ய இயலாது. சகோதரிகள் இருவரும் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எமது இரவு வேலையும் மகளின் பாடசாலையும் பயணத்தை மாதக்கணக்கிற் பின்தள்ளின. இறுதியில் அந்த பெப்ரவரிச் சனிக்கிழமை, விடியுமுன் ஐந்து மணிக்கு, ஸ்காபுரோவிலிருந்து புறப்பட்டோம். சின்னம்மாவுக்கென அம்மா தம் கையாற் செய்த பயத்தம் பணியாரம் மடியில் இருந்தது.

அம்மாவுக்கு ஆசனப்பட்டி பிடிக்காது. மொறிஸ் மைனரில் ஏறிப் பழகியவருக்கு அப்படியொன்றைக் கண்ட நினைவேயில்லை. “என்னை ஏன் ஆட்டுக்குட்டி மாதிரிக் கட்டிறியள்?” என்பார். புறப்படும்போது கட்டிவிட்டோம். வழியில் ஒரு தரிப்பிடத்தில் தேநீர் அருந்தி மீண்டும் காரில் ஏறியபோது, அவர் பட்டியை மாட்டவில்லை. நாம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பக்கத்தில் இருந்த மகள்தான் கவனித்தாள். அப்போது அவளுக்கு 11 வயது.

“அப்பம்மா, பெல்ற் போடுங்கோ.”

“விடு பிள்ளை, உந்தக் கோட்டுக்கு மேலாலை மூச்சு முட்டுது. பின்னுக்கு இருக்கிற எனக்கு என்ன நடக்கப் போகுது?”

“போடாட்டில் கார் ஓடாது அப்பம்மா. இது கொம்பியூற்றர் கார்” என்று ஒரு பொய்யைச் சொல்லி, கோட்டின் பொத்தானைக் கழற்றி, பட்டியை இழுத்துக் கொளுவினாள் மகள். கொளுவிய சத்தம் முன்னால் இருந்த எமக்கும் கேட்டது. எமது துணைவியார் அந்தப் பொய்யைக் கேட்டுச் சிரித்தார்.

அதன்பின் அரை மணி நேரமும் ஆகியிராது. பெல்வில் நகரைக் கடந்து நப்பானியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். பனி பொழியவில்லை. தெரு கறுப்பாக, ஈரம்போலத் தோன்றியது. வேகம் 90 கிலோமீற்றர் அளவில் இருந்தது. சிறிய ஆற்றுப் பாலமொன்றின் மேல் ஏறியபோது, காரின் பின்பக்கம் ஏதோ ஒரு கை பிடித்துத் தள்ளியது போல வலப்புறம் விலகியது. பாலங்களின் கீழாலும் குளிர்காற்று வீசுவதால் தெருவைவிட அவை முதலில் உறைந்துவிடுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத கண்ணாடிபோன்ற உறைபனி அங்கே படிந்திருந்தது. பதற்றத்தில் பிறேக்கை அழுத்தினோம். அதுவே செய்யக்கூடாத காரியம். கார் எமது கையை மீறிச் சுழன்றது. முன்புற இடப்பக்கம் நடுத் தடுப்பில் மோதியது. பெரும் சத்தம். காற்றுப்பைகள் இரண்டும் வெடித்து விரிந்தன. பின்னர் கார் பின்பக்கமாகவே தெருவைக் குறுக்கறுத்து, வலப்புறப் பள்ளத்துள் இறங்கி நின்றது. அடுத்த கணம் பாரிய லொறியொன்று, நாம் ஒரு மூச்சு நேரத்துக்கு முன்பிருந்த இடத்தைக் கடந்து சென்றது.

வெண்ணிறத் தூளும் கருகிய மணமும் காருக்குள் நிறைந்திருந்தன. சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் அம்மாவின் குரல் எழுந்தது.

“பிள்ளை எங்கை?”

“அப்பம்மா, நான் இஞ்சை.”

அந்த இரு வாக்கியங்களுக்கு இடையே கழிந்த நேரத்தை அளக்க எம்மிடம் அளவுகோல் இல்லை.

முன்னே சென்ற லொறியின் சாரதி சற்றுத் தூரத்தில் நிறுத்தி, அவசர விளக்குகளை எரியவிட்டு, ஒரு கம்பளியுடன் ஓடி வந்தார். தலைப்பாகை அணிந்த பஞ்சாபி இளைஞர். தெருவோரத்தில் நிற்கவேண்டாம், வேலிப் பக்கமாக விலகி நில்லுங்கள் என்று எம்மை எச்சரித்தார். அம்மாவை ‘மாதாஜி’ என்று அழைத்து, கம்பளியாற் போர்த்தினார். பொலிசாரும் அம்புலன்சும் வரும்வரை அவர் போகவில்லை. பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். அந்தக் குறை இன்றும் உண்டு.

அம்மாவுக்கு இரண்டு விலா எலும்புகள் முறிந்திருந்தன. தோளிலிருந்து இடுப்புவரை பட்டியின் தடம் கருநீலமாகப் பதிந்திருந்தது. துணைவியாரின் மணிக்கட்டிற் காற்றுப்பை உரசிய எரிகாயம். எமக்கு மூக்கிற் காயம். மகளுக்கு எதுவுமில்லை. விபரம் குறித்துக்கொண்ட பொலிஸ் அதிகாரி அம்மாவின் தோளைக் காட்டி, “பட்டியை அணிவித்தது யார்?” என்று கேட்டார். மகளைக் காட்டினோம். அவர் குறிப்பேட்டை மூடிவிட்டு, அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இரும்பின் பலம் எது?

ஒரு வாரத்தின் பின், காரில் இருந்த பொருட்களை எடுப்பதற்காக, உடைந்த வாகனங்கள் நிறுத்திவைக்கும் வளவுக்குச் சென்றோம். கண்ட காட்சி எம்மை உலுக்கியது. முன்பகுதி கைக்குள் கசக்கிய கடதாசிபோல மடிந்து கிடந்தது. ஆனால் நாம் இருந்த அறை ஏறக்குறைய அப்படியே இருந்தது. பின்கதவு வழமைபோலத் திறந்தது. பின் ஆசனத்தின் கீழே பயத்தம் பணியாரம் சிதறிக் கிடந்தது. “பாவம், இவ்வளவு பழைய இரும்பே இப்படி நொறுங்கிவிட்டதே” என்று எமக்குள் சொல்லிக்கொண்டோம்.

எம்முடன் ஒரே பாடசாலையிற் பௌதிகவியல் கற்பித்து, இப்போது மிசிசாகாவில் வசிக்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுத்தார். “மாஸ்ரர், அது நொறுங்கினபடியால்தான் நீங்கள் தப்பினீங்கள்” என்றார். கலைப் பட்டதாரியான எமக்கு விளங்கும்படி அவர் கூறிய விளக்கத்தை இங்கே தருகின்றோம்.

மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஒருவர் திடீரென நிறுத்தப்படுவது, சுமார் 32 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, விழுவதற்குச் சமமாகும். வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். கார் நின்றாலும் உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்லும். ஆகவே உயிர் பிழைப்பதற்கு வழி ஒன்றே: நிற்பதற்கு எடுக்கும் நேரத்தையும் தூரத்தையும் சற்றேனும் கூட்டவேண்டும். காரின் முன்பகுதி மடிந்து நசுங்கும்போது அந்தச் சக்தியின் பெரும்பகுதியை அது தன்னுள் வாங்கிக்கொள்கின்றது. மீதியை ஆசனப்பட்டி, எலும்பு பலமான தோளிலும் மார்பிலும் இடுப்பிலும் பங்கிட்டுக் கொடுக்கின்றது. தான் மடியாத கெட்டி இரும்பு, அந்த அடியை முழுவதுமாக உள்ளே இருப்பவரிடமே ஒப்படைத்துவிடும்.

நாம் இன்று சாதாரணமாகக் கொளுவும் மும்முனைப் பட்டியை உருவாக்கியவர் நில்ஸ் போலின் என்னும் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர். முன்னர் விமானிகளை ஆபத்து வேளையில் வெளியே வீசும் ஆசனங்களை வடிவமைத்தவர். வொல்வோ நிறுவனம் 1959இல் இப்பட்டியை அறிமுகப்படுத்தியதோடு, ஏனைய நிறுவனங்களும் பயன்படுத்தும் வகையில் அதன் காப்புரிமையைத் திறந்துவிட்டது. நசுங்கும் முன்பகுதி என்ற எண்ணத்துக்கு 1950களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற பேலா பரேனியின் முறையும் அதே 1959இல்தான் மேர்சிடிஸ் கார்களில் இடம்பெற்றது.

பழைய இரும்பு பற்றிய நம்பிக்கைக்கு இறுதித் தீர்ப்பு 2009இல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. அங்குள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம், 1959ஆம் ஆண்டின் செவ்ரலே பெல் எயார் என்ற பாரிய காரையும், 2009ஆம் ஆண்டின் செவ்ரலே மலிபு காரையும், மணிக்குச் சுமார் 64 கிலோமீற்றர் வேகத்தில் நேரெதிரே மோதவிட்டது. கப்பல் போன்ற பழைய காரின் சாரதி அறை நசுங்கி, அதிலிருந்த பொம்மை மனிதனின் தலை ஸ்ரியறிங்கில் மோதியது. உயிருள்ளவராயின் பிழைத்திருப்பது அரிது. புதிய காரின் பொம்மைக்குக் காலிற் சிறு காயம் மட்டுமே.

எமது கொறோலா பழையதென்றாலும் 1998இல் செய்யப்பட்டது. நசுங்கும் முன்பகுதியும், காற்றுப்பைகளும், பின் ஆசனத்தில் மும்முனைப் பட்டிகளும் அதிலிருந்தன. எம்மைக் காத்தது அதன் முதுமையன்று. அது தந்தையாரின் மொறிஸாக இருந்திருந்தால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. பாசத்துக்குரிய மொறிஸைப் பற்றி இப்படி எழுதுவது எமக்கு வருத்தமே. எனினும் உண்மை அதுதான்.

குற்றம் எம்முடையது

இதுவரை பனியையும் பாலத்தையும் காரணமாகச் சொல்லி வந்தோம். அதனோடு நிறுத்திக்கொண்டால் வாசகர்களுக்கு அரை உண்மையைச் சொன்னவர்களாவோம்.

விபத்துக்கு முன்னைய ஒக்ரோபர் மாதத்தில், காரை வழமையாகத் திருத்தும் தம்பி, “மாஸ்ரர், பின் ரயர் இரண்டும் தேஞ்சுபோச்சு. இந்த முறை நாலுக்கும் வின்ரர் ரயர் போடுங்கோ. மொன்றியல் பக்கம் போறதெண்டால் கட்டாயம்” என்று சொல்லியிருந்தார். நான்குக்கும் அறுநூறு டொலர் வரும். அந்த மாதம் கிளிநொச்சியில் இருக்கும் தங்கையின் வீட்டுக் கூரைக்குப் பணம் அனுப்பவேண்டியிருந்தது. “அடுத்த மாதம் பாப்பம் தம்பி” என்றோம். அடுத்த மாதமும் அதையே சொன்னோம். ‘எங்கள் கார் எங்களைக் கைவிடாது’ என்றொரு மூடநம்பிக்கை அதற்குத் துணைநின்றது.

பின் ரயர் தேய்ந்த கார் வழுக்கும் தெருவில் பின்புறமாகத்தான் வழுக்கும். அதுவே நடந்தது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால், சாதாரண ரயரின் இறப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கின்றது. பனிக்கால ரயரின் இறப்பர் மென்மை குன்றாதிருக்கின்றது. கியூபெக் மாகாணம் தன்னிடம் பதிவான கார்களுக்கு 2008 முதல் இதனைச் சட்டமாகவே ஆக்கியுள்ளது. சின்னம்மாவின் மகனுடைய காருக்கு அந்த ரயர் இருந்தது. ஒன்ராறியோவில் அப்படிச் சட்டம் இல்லை என்பதை நாம் சாட்டாக வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது குற்றம் தரிப்பிடத்தில் நிகழ்ந்தது. ஒன்ராறியோ 1976 ஜனவரி முதலாம் திகதி ஆசனப்பட்டியைக் கட்டாயமாக்கியது. கனடாவில் முதன்முதலாக அவ்வாறு செய்த மாகாணம் அதுவே. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பட்டி அணிவதற்குச் சாரதியே பொறுப்பு. அதற்கு மேற்பட்டோர் தமக்குத் தாமே பொறுப்பு. சட்டத்தின்படி எமது அம்மா தமக்குத் தாமே பொறுப்பாளி. ஆயினும் நாடு புதிது, குளிர் புதிது, கோட்டுப் புதிது என்றிருந்த ஒரு மூதாட்டியை அவருடைய பொறுப்பில் விட்டது மகனுக்கு அழகன்று. அவர் பட்டியின்றி இருந்திருந்தால், முன் ஆசனத்தின் மீது வீசப்பட்டுத் தாமும் மாண்டு, முன்னால் இருந்தவரையும் கொன்றிருக்கக்கூடும். பதினொரு வயதுப் பிள்ளை ஒரு பொய்யினால் எம்மைக் காப்பாற்றினாள். வகுப்பறையில் வாய்மையைப் போதித்த நாம் அந்தப் பொய்யை இன்றும் வாழ்த்துகின்றோம்.

எம்மவர் கவனத்திற்கு

அறுநூறு டொலரை மிச்சம் பிடித்த நாம், அதைவிடப் பன்மடங்கை இழந்தோம். பழைய கார்தானே என்று மோதற் காப்புறுதியை நீக்கியிருந்தபடியால் காருக்கென ஒரு சதமும் கிடைக்கவில்லை. பின்னர் நான்காண்டுக் கடனில், வழுக்கும்போது சில்லுகளைத் தானாகவே கட்டுப்படுத்தும் உறுதிநிலைக் கருவி பொருத்திய காரொன்றை வாங்கினோம். கனடாவில் 2011 செப்டம்பர் முதல் உற்பத்தியாகும் கார்களுக்கு அக்கருவி கட்டாயமாகும். 1998இன் கொறோலாவில் அது இல்லை.

பழைய காரை வைத்திருப்பது குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. எல்லோருக்கும் புதிய கார் வாங்கும் வசதி இல்லை. தாயகத்துக் குடும்பத்தையும் இங்குள்ள குடும்பத்தையும் ஒரே சம்பளத்திற் தாங்குபவர்களின் நிலை எமக்குத் தெரியும். நாமும் அவர்களுள் ஒருவரே. ஆனால் பாசம் வேறு, பரிசோதனை வேறு. கார் பழசாகப் பழசாக அதன் ரயரையும் பிறேக்கையும் துருவையும் பார்க்கும் கண் கூர்மையாக வேண்டும். பணம் போதாதென்றால் வானொலிப் பெட்டியை விடுங்கள், ஆசன உறையை விடுங்கள், ரயரை விடாதீர்கள். 2016 முதல் ஒன்ராறியோவிற் பனிக்கால ரயர் பூட்டியவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்திற் கழிவு உண்டு. கேட்டுப் பெறுங்கள். பாலத்தை நெருங்குமுன்பே வேகத்தைக் குறையுங்கள். வழுக்கத் தொடங்கினால் பிறேக்கை ஓங்கி மிதியாது, பெற்றோல் மிதியிலிருந்து காலை எடுத்து, போகவேண்டிய திசையைப் பார்த்து ஸ்ரியறிங்கை மெதுவாகத் திருப்புங்கள். தடித்த கோட்டின் மேல் பட்டி இறுகாது. கோட்டைத் திறந்து, இடுப்புப் பட்டி வயிற்றின் மேலன்றி இடுப்பெலும்பின் மேற் படியும்படி கட்டுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த பெற்றோருக்கு நீங்களே கட்டிவிடுங்கள். பின் ஆசனம் பாதுகாப்பானது என்பது பட்டி அணிந்தவர்களுக்கே பொருந்தும்.

வளவில் காரை விட்டுப் புறப்படும்போது, அங்கிருந்தவர் சாவியைக் கேட்டார். தந்தையாரின் நினைவு வந்தது. வைத்துக்கொள்ளலாமா என்று கை ஒரு கணம் தயங்கியது. பின்னர் கொடுத்துவிட்டோம். அது தன் கடமையை முடித்துவிட்டது. காக்கவேண்டியவர்கள் நால்வரும் வீட்டில் இருந்தார்கள்.

ஏப்ரல் மாதத்தில், சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாட்களின் முன், சின்னம்மாவின் மகன் வழி நெடுகத் தரித்துத் தரித்து அவரை எம்மிடம் அழைத்து வந்தார். முழங்கால் நோயுடன் சின்னம்மா படியேற, விலா நோயுடன் அம்மா வாசலுக்கு வந்தார். இருவரும் கட்டியணைக்க முடியாமல் கைகளை மட்டும் பற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றனர். “நான் வந்திருக்க வேண்டியது” என்றார் அம்மா. “நீ இருக்கிறாய், அது காணும்” என்றார் சின்னம்மா.

அம்மாவுக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. கோயிலுக்கோ வைத்தியரிடமோ அழைத்துச் செல்லக் காரில் ஏற்றினால், முதலில் தமது பட்டியைத் தாமே இழுத்துக் கொளுவுகின்றார். கொளுவிய சத்தம் கேட்டதும் மற்றவர்களைத் திரும்பிப் பார்க்கின்றார்.

“எல்லாரும் பெல்ற் போட்டாச்சோ? இல்லாட்டில் கார் ஓடாது.”

அந்தப் பொய்யை இன்றுவரை நாம் அவருக்குத் திருத்தவில்லை.